நாற்பத்தொரு துளைகள்

ஐசலேயிடம் நான் பேரம் பேசவில்லை. அதில்தான் அவர் விழுந்தார்.

ஸ்டுட்கார்ட்டில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற யாரும் பேரம் பேசுவதில்லைதான். ஒரு வீட்டைப் பார்க்க அறுபது பேர் படிக்கட்டில் நிற்கிற ஊர் இது. வாயைத் திறந்தால் பின்னால் நிற்பவனுக்குச் சாவி போய்விடும். ஆனால் அன்று படிக்கட்டில் நான் ஒருத்திதான் நின்றேன். விளம்பரமே வந்திருக்கவில்லை. டிராமில் போகும்போது மூன்றாம் மாடி சன்னலில் திரைச்சீலை இல்லாததைப் பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவள் நான். அந்த டிராமில் எனக்கு எந்த வேலையும் கிடையாது. ஒரு வருடமாக அந்தச் சன்னலைப் பார்ப்பதற்கென்றே ஏறிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? ட்ரவுப் செத்து ரெண்டு வாரம்கூட ஆகல" என்றார் வீட்டுக்காரர் ஐசலே.

"கீழ ரொட்டிக் கடையில பேசிக்கிட்டாங்க சார்."

வீடு நாறியது. ட்ரவுப் என்ற அந்தக் கிழவர் எட்டு வருடம் உள்ளேயே உட்கார்ந்து சிகரெட் பிடித்திருக்கிறார். சுவர்கள் பழைய பல் மாதிரி மஞ்சள். படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தன. அவருடைய பிள்ளைகள் அப்பாவின் சொத்தும் வேண்டாம், கடனும் வேண்டாம் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே சுவருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்க ஐசலேக்கு ஆள் சிக்கவில்லை. சொந்தக் காசில் பெயிண்டர் வைப்பாரா? ஐசலேயா?

"நல்ல வீடு. கொஞ்சம் புகை வாடை இருக்கும். சன்னலைத் திறந்து வெச்சா போயிடும்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு மாத வாடகையைத் தள்ளச் சொல்லப் போகிறேன், பெயிண்ட் செலவு கேட்கப் போகிறேன் என்று காத்திருந்தார். பதிலைக்கூட வாயில் தயாராக வைத்திருந்தார், கன்னம் அசைந்தது.

"பரவால்ல சார். இப்படியே எடுத்துக்கறேன்" என்றேன்.

"இப்படியேவா?"

"இப்படியே. நீங்க எதையும் குறைக்க வேண்டாம்."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு முட்டாள் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறாள் என்ற சந்தோஷம். விழு, இன்னும் விழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதே வீட்டிலிருந்து நான் வெளியே போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மாவின் பெயர் ஸில்கே ட்ரோம்மர். அவளும் அப்பாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா எங்களுக்கு விட்டுவிட்டுப் போனது ஷோல்ட்ஸ் என்ற குடும்பப் பெயர் ஒன்றுதான், அதுவும் எனக்கு மட்டும். அந்த ஆள் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறவள். முப்பது வருடமாக அதே வேலை. பனிக்காலத்தில் விடியற்காலை வேலைக்குப் போகும்போது உறைந்த படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடுதான் நாங்கள் வீடு மாறினோம். மூன்று மாடி ஏறி இறங்க அவளால் முடியவில்லை. வேறு இடத்தில் தரைத்தளத்தில் சின்னதாக ஒன்று கிடைத்திருந்தது.

வெளியேறும் நாளில் ஐசலே ஒரு விளக்கோடு வந்தார். மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் பிடிப்பார்களே, நீளமான கைவிளக்கு, அது. பல்சக்கரத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். உலகத்தில் எந்தச் சுவரும் அந்த வெளிச்சத்தில் தேறாது.

"ஒப்பந்தத்துல பதினாலாவது பிரிவு. போறவங்க பெயிண்ட் அடிச்சுட்டுப் போகணும். படிச்சீங்க இல்ல?" என்றார்.

அம்மா படித்திருக்கவில்லை. பன்னிரண்டு பக்கம், பொடி எழுத்து. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள், போட்டாள். நாங்கள் குடி வந்தபோதும் அந்த வீடு அழுக்காகத்தான் இருந்தது. அம்மாதான் வெள்ளையடித்துக் குடியேறினாள். அதற்குத் தாள் கிடையாது. அப்போதெல்லாம் அவர் கைகுலுக்கிச் சாவி கொடுப்பதோடு சரி.

"சார், கை இப்படி இருக்கு..."

"இன்னொரு கை இருக்கில்ல?"

இதை அவர் கத்திச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் சில்லறை கேட்பதுபோலச் சொன்னார். நான் நடைவழியில் பெயிண்ட் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அம்மா இடது கையால் அடித்தாள். அவர் வந்து விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோடு தெரியுது. இன்னொரு தடவை" என்றார். மறுபடி அடித்தாள். மறுபடி வந்தார். "சன்னலுக்கு மேல. இன்னொரு தடவை." மூன்றாவது தடவை நான்தான் ஏணியைப் பிடித்தேன். மேலேயிருந்து சொட்டியது எல்லாம் பெயிண்ட் இல்லை என்பது என் தலைமுடிக்குத் தெரியும். எல்லாம் முடிந்த பிறகும் அட்வான்ஸை அவர் திருப்பித் தரவில்லை. கோடு போகவில்லையாம்.

அம்மா கையால் இன்றைக்கும் ஈரத் துணியைப் பிழிய முடியாது. துடைக்கிற வேலையில் இருப்பவளுக்கு.

நான் படித்தேன். எங்கள் வீட்டில் யாரும் போகாத இடத்துக்குப் போனேன். மூன்று மாதம் கல்லூரி, மூன்று மாதம் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம் என்று மாறி மாறி ஓடுகிற சட்டப் படிப்பு. முதல் வருடம் வாடகைச் சட்டம் வந்தது. வீட்டைப் பெயிண்ட் அடிக்காமல் கொடுத்து, அதற்கு ஈடாக எதையும் குறைத்துக்கொள்ளாமல், அச்சடித்த ஒப்பந்தத்தில் பெயிண்ட் பொறுப்பை வாடகைக்காரர் தலையில் கட்டினால் அந்தப் பிரிவு செல்லாது என்றார் பேராசிரியர். மேல்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தேதியைப் பலகையில் எழுதினார். அம்மா அந்த வீட்டைக் காலி செய்ததற்கு ஆறேழு மாதம் முந்தைய தேதி. அதாவது அம்மா ஒரு சுவரைக்கூடத் தொட்டிருக்க வேண்டாம்.

கையைத் தூக்கிக் கேட்டேன். "அப்படி அடிச்சவங்க அதுக்கான செலவைத் திருப்பிக் கேக்க முடியுமா?"

"முடியும். வீட்டைக் காலி செஞ்ச ஆறு மாசத்துக்குள்ள கேக்கணும். குடி வரும்போது வீடு எப்படி இருந்துச்சுன்னும் அவங்கதான் நிரூபிக்கணும்."

ஏழு வருடம் ஆகியிருந்தது. தாளும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பேனாவை எடுத்துக் கடித்து உடைத்தேன். என்னுடையது என்று நினைத்து.

அன்றிலிருந்துதான் அந்த டிராம்.

அம்மாவிடம் சொன்னபோது, "உனக்கு வேற பொழப்பே இல்லையா மாரிட்? அந்த ஆளோட மூஞ்சியை எதுக்குப் பார்க்கணும்?" என்றாள்.

"அவர் கையால அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வைக்கணும்மா. அவ்வளவுதான்."

"நான் அந்தப் படி ஏற மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன்."

சொன்னபடி இரண்டரை வருடம் ஏறவில்லை. என்னைப் பார்க்க வந்தால் கீழே ரொட்டிக் கடையில் உட்காருவாள். முடிச்சுப் போட்டுச் சுட்ட உப்பு ரொட்டியைப் பிய்த்து, தடித்த வளையத்தை எனக்குத் தள்ளிவிட்டு மெல்லிய முறுக்கை மட்டும் தின்பாள். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

சாவி வாங்கிய நாளுக்கு வருகிறேன். அம்மா போன பிறகு வேறு மாடியில் ஏதோ ஒரு வாடகைக்காரர் 'இந்த ஓட்டை நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு' என்று சண்டை போட்டிருக்கிறார். அதிலிருந்து ஐசலே ஒப்படைப்புத் தாள் எழுத ஆரம்பித்திருந்தார். குடி வருகிற நாளில் வீட்டின் ஒவ்வொரு பழுதையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போகும்போது புதிதாக ஒரு கீறல் இருந்தாலும் மாட்டிக்கொள்வோம். நம்மைப் பிடிக்கத்தான் பொறி. அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

விளக்கைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போனார். "படுக்கையறை, சிகரெட் மஞ்சள், மேற்கூரை உட்பட. வடக்குச் சுவரில் துளை, எண்ணிக்குங்க, ஒன்பது. எட்டு மில்லிமீட்டர்." நீல மைப் பேனா. அச்சு மாதிரி எழுத்து.

"சார், கதவுக்குப் பின்னாடி ரெண்டு விட்டுட்டீங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். "அட, ஆமா!" மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் காலத்துல இப்படி நேர்மையா ஒரு பொண்ணு! மத்தவங்க மறைப்பாங்கம்மா."

"எனக்கு எல்லாம் எழுத்துல இருக்கணும் சார். சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு எழுதினீங்களா? நடைவழியில பெயிண்ட் உரியுதே, அது?"

எழுதினார். குளியலறைக் கறையை எழுதினார். எண்ணி முடித்தபோது நாற்பத்தொரு துளைகள். கடைசி வரியை நானே கேட்டு வாங்கினேன். "மொத்தமா ஒரு வரி போட்டுடுங்களேன் சார், 'வீடு பெயிண்ட் அடிக்கப்படாத நிலையில் ஒப்படைக்கப்பட்டது'ன்னு. நாளைக்கு நான்தான் புகைச்சேன்னு யாரும் சொல்லக் கூடாதில்ல."

"சொல்ல மாட்டேன்ம்மா" என்று சிரித்தார். ஆனாலும் எழுதினார். எழுதாமல் அவரால் இருக்க முடியாது. கையெழுத்துப் போட்டோம். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

நான் ஒரு சுவரைக்கூடத் தொடவில்லை. அந்த மஞ்சளுக்கு நடுவில் வாழ்ந்தேன். என் ஸ்வெட்டர்களில் இறந்துபோன கிழவரின் புகை வாடை. அலுவலகத்தில் "நீ புகைப்பியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கிழவரின் மஞ்சளுக்கு அடியில் அம்மாவின் மூன்று கை வெள்ளை இருந்தது. சில காலைகளில் வெயில் பக்கவாட்டில் விழும்போது சன்னலுக்கு மேல் அந்தக் கோடு தெரியும். இடது கையால் இழுத்த கோடு. அது தெரிகிறவரைக்கும் எனக்கு வீட்டுப் பழுது எதுவும் வலிக்கவில்லை.

படிக்கட்டு கூட்டும் முறைக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு மரப்பலகை உண்டு. யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் படிகள், வாசல், குப்பைத் தொட்டி இடம் எல்லாம் அவர் பொறுப்பு. சனிக்கிழமை ஐசலே கைப்பிடியில் விரலை ஓட்டிப் பார்ப்பார். என் முறையில் அவர் விரலில் ஒருமுறைகூடத் தூசி ஒட்டவில்லை. நான் யார் மகள்?

"மாரிட்டைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று மற்றவர்களிடம் சொல்வாராம்.

படிப்பு முடிந்தது. பட்டம் வாங்கிய மறுநாள், மூன்று மாதத்தில் காலி செய்கிறேன் என்று ஐசலேக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்.

அடுத்து வரப்போகிறவள் ஃப்ராங்கா, மருத்துவமனைத் தாதி. வீடு பார்க்க வந்தவளைப் படிக்கட்டில் பிடித்தேன். "சுவர் இப்படி இருக்குன்னு பயப்படாதீங்க. 'புதிதாகப் பெயிண்ட் அடித்து ஒப்படைக்கப்படும்'னு ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. சந்தோஷமா எழுதுவார்."

எழுதினார். ஏன் எழுத மாட்டார்? நான் அடித்துக் கொடுப்பேன், ஃப்ராங்கா வெள்ளை வீட்டுக்குள் வருவாள், நாளைக்கு அவளும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். முப்பது வருடமாக அந்தச் சக்கரம் அப்படித்தான் சுற்றியது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தூரிகை வாங்கக்கூடக் காசு போனதில்லை.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது விளக்கோடு வந்தார். கதவைத் திறந்ததும் அவர் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா இது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

"எதை சார்?"

"பெயிண்டை! ஒண்ணாந்தேதி அந்த நர்ஸம்மா வந்துடுவாங்க. மேற்கூரைக்கெல்லாம் ரெண்டு கையாவது அடிக்கணும்."

"நான் அடிக்கப் போறதில்ல சார்."

அவர் பொறுமையாகச் சிரித்தார். நேர்மையான பெண் அல்லவா, விளங்கவில்லை போலிருக்கிறது. "பதினாலாவது பிரிவு. படிச்சுத்தான கையெழுத்துப் போட்டீங்க?"

"படிச்சேன் சார். நல்லாப் படிச்சேன்." பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினேன். "நீங்க இதைப் படிங்க. உங்க கையெழுத்துதான். கடைசி வரி."

படித்தார். "இது நீங்க எப்படி வாங்கிக்கிட்டீங்கன்னு எழுதினது. எப்படித் திருப்பித் தரணும்ங்கறது வேற."

"வேற இல்ல. பெயிண்ட் அடிக்காத வீட்டைக் குடுத்துட்டு அந்தப் பிரிவைப் போட்டா அது வெத்துத் தாள். உங்க வீட்டுக்காரர் சங்கத்துல வக்கீல் இருப்பாரே. கேளுங்க. நான் இருக்கேன்."

சன்னல் ஓரமாகப் போய் போன் செய்தார். முதலில் சத்தமாகப் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதுமடல் சிவந்தது, பிறகு கழுத்து. வக்கீலின் குரல் எனக்கும் கேட்டது. "ஒப்படைப்புத் தாள்ல யாரு சார் இப்படி எழுதினது?"

"நான்தான்" என்றார் ஐசலே.

"துளையெல்லாம் எண்ணியா?"

"...எண்ணித்தான்."

"ஒரு மாச வாடகையாவது குறைச்சுக் குடுத்தீங்களா? அது இருந்தா ஏதாவது பேசிப் பார்க்கலாம்."

ஐசலே என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு இதே இடத்தில் நின்று நான் பேரம் பேசாமல் இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பார்வைக்காக இன்னும் பத்து வருடம்கூட அந்தப் புகைக்குள் இருந்திருப்பேன்.

போனை வைத்துவிட்டு, "யாரும்மா நீ?" என்றார். மரியாதை போயிருந்தது.

"வாடகைக்காரி சார். துளை நாற்பத்தொண்ணு, எண்ணிக்குங்க. ஒண்ணுகூடக் கூடல." சாவியைச் சன்னல் திண்டில் வைத்தேன். "அட்வான்ஸை என் கணக்குல போட்டுடுங்க. போடலைன்னா கோர்ட்டுக்குப் போவேன், எனக்கு இன்னும் சந்தோஷம்."

பெயிண்டர்கள் யாரும் ஏழு வாரத்துக்கு முன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இதை எனக்குச் சொன்னது ரொட்டிக் கடைக்காரி. மூன்றாம் நாள் அம்மாவும் நானும் அங்கே உட்கார்ந்திருந்தபோது, அவள் கண்ணாடி வழியாக மேலே காட்டினாள். திரைச்சீலை இல்லாத சன்னலில் ஒரு ஏணி. ஏணிமேல் ஐசலே. தலையில் செய்தித்தாளை மடித்துத் தொப்பி போட்டிருந்தார்.

பத்து வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அம்மா அந்தச் சன்னலை நிமிர்ந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். உப்பு ரொட்டி கையிலேயே இருந்தது.

"உருளையை ரொம்ப அழுத்தறார்" என்றாள். "கோடு விழும்."

ஒண்ணாந்தேதி ஃப்ராங்காவுக்குச் சாவி கொடுக்கிற நாள். கூட ஒரு சாட்சியை அழைத்துப் போகும்படி அவளிடம் சொல்லியிருந்தேன். "எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதே" என்றாள். "எனக்கு ஒருத்தங்களைத் தெரியும். முப்பது வருஷமா மத்தவங்க அழுக்கைப் பார்த்த கண்ணு" என்றேன்.

அம்மா மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "விளக்கு யார்கிட்ட இருக்கும்?"

கடையில் ஒன்று வாங்கினோம். அவருடையதைவிட நீளம்.

மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். கதவைத் திறந்த ஐசலே என்னைப் பார்த்து, "இவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

"என்கூட வந்திருக்காங்க" என்றாள் ஃப்ராங்கா. அம்மாவைக் காட்டினாள். "இவங்க என் சாட்சி. ஸில்கே ட்ரோம்மர்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறும் என்று எத்தனையோ தடவை கற்பனை செய்திருக்கிறேன். மாறவில்லை. அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஞாபகம் இருக்கா சார்? இந்த வீட்டுலதான் இருந்தேன்."

"எத்தனையோ பேர் இருந்துட்டுப் போனாங்கம்மா."

"சரி. எனக்கு இருக்கு."

விளக்கைப் போட்டாள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, அவசரமே இல்லாமல் நகர்த்தினாள். முதல் அறையைத் தாண்டினாள். நடைவழியைத் தாண்டினாள். ஐசலே பின்னாலேயே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, பிறகு அவிழ்த்து, பிறகு மறுபடி கட்டிக்கொண்டு. என்னுடைய பழைய அறையில் சன்னலுக்கு மேலே விளக்கு நின்றது. நிழல் எழுந்தது. நீளமாக, தடியாக, ஒரு கோடு.

"இது" என்றாள் அம்மா. "இன்னொரு தடவை."

"அந்தளவுக்கெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது?" ஐசலேயின் குரல் உடைந்தது. "ஆறு நாளா அடிக்கறேன். எனக்கு அறுபத்தெட்டு வயசு. வலது தோளைத் தூக்கவே முடியல."

அம்மா விளக்கை அணைத்தாள். அவர் தோளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. கோபப்படவும் இல்லை.

"இன்னொரு கை இருக்கில்ல?"

இந்தத் தடவை அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் பார்வை அம்மாவின் வலது மணிக்கட்டுக்கு இறங்கியது.

சன்னல் திண்டில் ஒப்படைப்புத் தாள் விரித்திருந்தது. ஐசலே பழக்க தோஷத்தில் பேனாவுக்குக் கை நீட்டினார். ஃப்ராங்கா அதை முன்னால் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா குனிந்து, சரியாக மடங்காத மணிக்கட்டோடு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: 'இரண்டாவது அறை. சன்னலுக்கு மேல் கோடு. மறுபடியும் அடிக்க வேண்டும்.' எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள்.

அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். படித்துவிட்டுப் போட்டார்.